காய் விட்டால் பழம் விட வேண்டாமா?

“அம்மோ! அண்ணன் எனக்க பென்சிலை எடுத்திட்டான்!”

“பொய்யாக்கும் அம்மா! அவதான் முதல்ல எனக்க புக்குல கிறுக்குனா!”

இது எங்கள் ஊர்ப் பேச்சு. உங்கள் ஊரில் வார்த்தை கொஞ்சம் மாறும், வழக்கு மாறாது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் காலையில் பல் தேய்க்கும்போது தொடங்குகிற வழக்கு, ராத்திரி அம்மா பக்கத்தில் யார் படுப்பது என்பது வரைக்கும் நீளும். அடுப்பில் சாளைக் கறி கொதிக்கிறது. மரச்சீனிக் கிழங்கு வெந்து குழையப் பார்க்கிறது. நாம் குழம்பைப் பார்ப்பதா, கோர்ட்டை நடத்துவதா? “ரெண்டு பேரும் எங்கேயாவது போய்த் தொலைங்க!” என்று கத்தாத தாய் தேங்காய்ப்பட்டணத்திலும் இல்லை, சென்னைப் பட்டணத்திலும் இல்லை.

‘சின்னப் பிள்ளைகள்தானே, வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் ஆகிறது. ஆனால் வளர்ந்த பிறகும் சரியாகாத அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எத்தனை பேர் நம் கண் முன்னால் இருக்கிறார்கள்! அவர்களும் ஒரு காலத்தில் ஒரே பாயில் படுத்து, ஒரே போர்வைக்கு இழுபறி போட்டவர்கள்தானே?

சின்னச் சண்டை, பெரிய சண்டை

பிள்ளைகள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். ‘இது என்னோடது’ – அது உடைமைச் சண்டை. ‘அவனுக்கு மட்டும் பெரிய துண்டு’ – அது பங்குச் சண்டை. ‘என் இடத்துல உட்கார்ந்துட்டா’ – அது எல்லைச் சண்டை. ‘நான்தான் முதல்ல’ – அது அந்தஸ்துச் சண்டை. ‘அம்மா அவனைத்தான் ஜாஸ்தியா கொஞ்சுறாங்க’ – இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற சண்டை.

இனி பெரியவர்களைப் பாருங்கள். தென்னை விளையில் யாருக்கு எத்தனை சென்ட், கிணற்றில் யாருக்கு எத்தனை பாத்தியம், வேலி அரை அடி தள்ளியதா இல்லையா, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில், அப்பா கடைசிக் காலத்தில் யாரை நம்பினார்... பென்சிலும் அப்பத் துண்டும் போய் நிலமும் நகையும் வந்திருக்கின்றன. மற்றபடி காரணம் ஒன்றுதான்!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு வேலி, வேலியை ஒட்டி ஒரு பலா மரம், தம்பி வீட்டுக்குப் போக ஒரு வழி. வழி யாருடையது, மரம் யாருடையது என்று தொடங்கிய பேச்சு வக்கீல் வரைக்கும் போனது. பதினோரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் பிள்ளைகள்? வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே புகுந்து சேர்ந்து கோலி விளையாடுவார்கள். சண்டை வரும், ‘காய்’ விடுவார்கள், பத்து நிமிஷத்தில் ‘பழம்’ விட்டு மறுபடியும் ஆட்டம்! ஒரு நாள் பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் அடி கொடுத்தார்கள். வேலி ஓட்டையையும் முள் வைத்து அடைத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

இந்தக் காய்-பழம் விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சண்டையைத் தொடங்கவும் ஒரு சடங்கு இருக்கிறது. முடிக்கவும் ஒரு சடங்கு இருக்கிறது. விரலை நீட்டி ‘பழம்’ என்றால் தீர்ந்தது. யார் பேரில் தப்பு, யார் முதலில் இறங்கி வருவது என்ற கணக்கெல்லாம் கிடையாது. வளர்ந்த நமக்குக் காய் விடத் தெரியும். பழம் விடத்தான் மறந்துபோகிறது. பிள்ளைகள் பெரியவர்களைப் போலச் சண்டை போடுகிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பெரியவர்களைப் போலச் சண்டையை முடிக்காமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்களே, அதுதான் கவலை. அதைக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் வீடுதான்.

சிம்மாசனம் இழந்த ராஜா

முதல் பிள்ளை பிறந்து இரண்டு மூன்று வருஷம் வீட்டுக்கே ராஜா. திடீரென்று ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா ஒரு துணி மூட்டையோடு வருகிறாள். அன்றிலிருந்து மடி போச்சு, தொட்டில் போச்சு, அம்மாவின் பக்கத்து இடமும் போச்சு! வியன்னாவில் இருந்த ஆல்ஃபிரட் அட்லர் என்ற மனோதத்துவ டாக்டர், மூத்த பிள்ளையைச் சிம்மாசனம் இழந்த ராஜாவுக்கு ஒப்பிட்டார். அவரே வீட்டில் இரண்டாவது பிள்ளை. அதனால் தம்பியின் கஷ்டமும் அவருக்குத் தெரியும்: எப்போதும் முன்னால் ஒருத்தன் ஓடிக்கொண்டிருப்பான், எட்டிப் பிடிக்கவே முடியாது!

அதுவரை தானாகச் சாப்பிட்ட குழந்தை ஊட்டச் சொல்வதும், படுக்கையை நனைப்பதும், பாப்பாவைக் கொஞ்சுகிற மாதிரி கிள்ளுவதும் இதனால்தான். இது குணக்கேடு இல்லை, பயம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜூடி டன் என்ற பெண்மணியும் கரோல் கென்ட்ரிக் என்பவரும் நாற்பது குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்னாலிருந்தே வீடு தேடிப் போய்க் கவனித்தார்கள். 1982-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அதில் இளம் தாய்மார்களுக்கு உபயோகமான விஷயம் ஒன்று உண்டு. ‘பாப்பா ஏன் அழுது? பசிக்குதோ? உன்னைப் பார்த்துத்தான் சிரிக்குது பார்!’ என்று, பாப்பாவையும் மனசு உள்ள ஒரு ஆளாக நினைத்து மூத்ததிடம் பேசிய தாய்மார்களின் வீட்டில், ஒரு வருஷம் கழித்தும் பிள்ளைகள் அதிக ஒட்டுறவோடு இருந்தார்களாம். இதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். துணி மடிக்கும்போது பேசினால் போதும்.

தராசு யார் கையில்?

அடுத்த விஷயம் ஒப்பிடுதல். ‘அக்காவைப் பார், எவ்வளவு சமத்து!’ என்கிறோம். அக்காவுக்குப் பெருமை, தம்பிக்கு ரோஷம் வரும் என்று நினைப்பு. ரோஷம் வராது, அக்கா பேரில் வெறுப்புத்தான் வரும். ‘யார் முதல்ல சாப்பிட்டு முடிக்கிறீங்க, பார்ப்போம்!’ என்று நாமே பந்தயம் வேறு வைக்கிறோம். தட்டு சீக்கிரம் காலியாகும்; கூடவே ஒருத்தருக்குத் தோல்வியும் பரிமாறப்படும்.

எங்கள் ஊரில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று மூன்றுக்கும் போகிறவர்கள் அக்கம்பக்கமாக வாழ்கிறோம். மூன்று வீட்டிலும் இந்தப் பாடம் கதையாகவே இருக்கிறது. குர்ஆனில் யூசுஃப் நபி, பைபிளில் யோசேப்பு. தகப்பனார் ஒரு மகன்மேல் கூடுதல் பாசம் வைத்ததால் மற்ற மகன்கள் மனசு புழுங்கி, அவனைக் குழியில் தள்ளினார்கள். பாரதத்தில், மரத்தில் ஏறிப் பழம் பறிக்கும் கௌரவப் பிள்ளைகளைப் பீமன் மரத்தை உலுக்கிக் கீழே விழச் செய்கிறான். அவனுக்கு அது விளையாட்டு. விழுந்தவர்களுக்கு? துரியோதனன் பதிலுக்குச் சோற்றில் விஷம் வைத்துக் கங்கையில் தள்ளினான். கதையின் முடிவு குருக்ஷேத்திரம். அதன் முதல் அத்தியாயம் ஒரு மரத்தடியில், பிள்ளைகளின் கேலியில் இருக்கிறது! பார்த்துக் கண்டித்திருக்க வேண்டிய திருதராஷ்டிரர் பிள்ளைப் பாசத்தில் சும்மா இருந்துவிட்டார்.

சில சமயம் தராசைச் சட்டமே கோணலாகப் பிடித்திருக்கிறது. நம் கன்னியாகுமரி ஜில்லா 1956 வரை திருவிதாங்கூரின் பக்கம்தானே இருந்தது? அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய் – இரண்டில் எது குறைவோ அது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற பெண்மணி தகப்பனார் சொத்தில் உடன்பிறந்தவரோடு வழக்காட நேர்ந்து, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1986-ம் வருஷம் பிப்ரவரி 24-ம் தேதி, மகனுக்கும் மகளுக்கும் சம பங்குதான் என்று தீர்ப்பு வந்தது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-ல் சட்டமாக்கியது. அப்போது ஏற்கெனவே மணமான பெண்கள் அதில் சேரவில்லை. 2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மகனுக்கு மீனின் நடுத்துண்டும் மகளுக்கு வாலும் வைக்கிற கைதான், பிற்பாடு ‘அவளுக்கு எதுக்குப் பங்கு? கட்டிக் கொடுத்தாச்சே!’ என்கிற வாயையும் வளர்க்கிறது. அப்புறம் தங்கை தன் உரிமையைக் கேட்டால், ‘அண்ணன்கிட்ட சண்டைக்கு வந்துட்டா’ என்று ஊர் பேசும்.

கயிறு ஒன்று, இழுப்பு இரண்டு

இரண்டு பிள்ளைகளின் சண்டை போக, கூட்டமாகச் சேர்ந்தால் வரும் சண்டையும் இருக்கிறதே! அதைப் பற்றி 1954-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தில் ஒரு சோதனை நடந்தது. முஸாஃபர் ஷெரீஃப் என்ற பேராசிரியர், ஒருவரையொருவர் அறியாத 22 பையன்களை – எல்லாரும் பதினோரு வயதை ஒட்டியவர்கள் – கோடை முகாமுக்குக் கூட்டிப்போய் இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்தார். இரண்டுக்கும் நடுவே கயிறு இழுத்தல், பந்து விளையாட்டு என்று போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்கு மட்டும் பரிசு என்றார். அவ்வளவுதான்! சில நாளில் ஒரு கூட்டத்தின் கொடியை மற்ற கூட்டம் எரித்தது. குடிசைக்குள் புகுந்து சாமான்களைக் கலைத்தார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தான் எல்லாரும்.

இதை எப்படிச் சரி செய்தார்கள் தெரியுமா? முதலில் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்! பிறகு முகாமுக்குத் தண்ணீர் வராதபடி செய்து, எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்று வைத்தார்கள். சாப்பாடு கொண்டுவரும் லாரி நின்றுபோனது. பையன்கள் போட்டியில் இழுத்த அதே கயிற்றைக் கட்டி, இரண்டு கூட்டமும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள். கடைசியில் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

இதற்கு முந்தின வருஷம், 1953-ல், அவரே இன்னொரு முகாம் நடத்தியிருந்தார். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகுதான் பிரித்தார். பெரியவர்கள் இரகசியமாகக் கலகம் மூட்டிப் பார்த்தும், அந்தப் பையன்கள் சண்டைக்கு வரவே இல்லை. இது பெரியவர்கள் வேலை என்று சந்தேகப்பட்டுவிட்டார்கள்! சோதனை பாதியில் நின்றது. முதலில் சிநேகம் வேர் பிடித்துவிட்டால், மூட்டிவிடுகிறவர் பேச்சு எடுபடாது.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இது தூர தேசத்துக் கதையாகப் படாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தில் ‘அவங்க’, ‘நாம’ என்ற இரண்டு சொல் எத்தனை குடும்பங்களைக் கண்ணீரில் தள்ளியது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அப்போது குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பாரையும் பார்த்துச் சமாதானம் பேசினார். ஊருக்கே பழம் விடச் சொல்ல ஒரு பெரியவர் வந்தார்! பிறகு 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் அலை புகுந்தபோது, கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் சோறும் துணியும் கொடுத்தார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று பார்த்தா கொடுத்தார்கள்? சேர்ந்து இழுக்க ஒரு கயிறு வந்தால், தனித்தனியாக இழுத்த கை ஒன்றாகிறது. அதற்குச் சுனாமி வரவேண்டாம். வீட்டிலேயே கயிறு கொடுக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

1. ‘யார் தொடங்கினது?’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் ஆதாம் ஏவாள் வரைக்கும் போகும்! ‘இப்ப என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க’ என்று கேளுங்கள். கோபம் தணிந்த பிறகு கேட்டால் பிள்ளைகள் நல்ல யோசனையாகவே சொல்வார்கள்.

2. அடிதடி இல்லாத சின்னச் சண்டைக்கு ஓடிப்போய் நிற்காதீர்கள். ஸ்விட்சர்லாந்தில் பியாஜே என்ற அறிஞர், பையன்கள் கோலி விளையாடுவதையே உட்கார்ந்து கவனித்து, 1932-ல் ஒரு புத்தகம் எழுதினார். விதி என்பது மேலேயிருந்து வந்தது அல்ல, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்பதைப் பத்துப் பதினோரு வயதில் பிள்ளைகள் விளையாடி விளையாடியே புரிந்துகொள்கிறார்களாம். எப்போதும் நாமே தீர்ப்புச் சொன்னால் அது எப்படி வரும்?

3. பங்கு போட ஒரு சுலபமான வழி: ஒருத்தர் வெட்டட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். அப்பம் எவ்வளவு சமமாக வெட்டப்படுகிறது என்று பாருங்கள்! செல்போனுக்கும் இதே மாதிரிதான். ஒருத்தர் நேரம் குறிக்கட்டும், மற்றவர் முறையைத் தேர்ந்தெடுக்கட்டும்.

4. ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் பத்து நிமிஷமாவது தனியாக உங்கள் காது கிடைக்கட்டும். தலை பின்னும்போது ஒன்று, விளக்கணைத்த பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு கொடுப்பதைவிட, அவரவருக்கு வேண்டியதைக் கொடுப்பது முக்கியம். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுத்தால் மற்றவனுக்கும் கஞ்சி கொடுக்கிறோமா?

5. போட்டி வேலைக்குப் பதில் கூட்டு வேலை கொடுங்கள். ஒருத்தர் தேங்காய் துருவ, ஒருத்தர் உள்ளி உரிக்கட்டும். ‘இன்றைக்குத் துவையல் ரெண்டு பேரும் அரைச்சது’ என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அந்தப் பெருமையில் இருவருக்கும் பங்கு.

6. மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள். பழம் விடுவது அவர்கள் சொத்து. அதை அவர்கள் நேரத்தில் செய்வார்கள். பழம் விட்ட பிறகு, ‘நேத்து நீ அடிச்சியே!’ என்று பழைய கணக்கை நாம் எடுக்கக் கூடாது.

7. நம் சண்டையை மறைத்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் சமாதானத்தை நாம் கதவுக்குப் பின்னால் முடித்துவிடுகிறோம். மார்க் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், பெற்றோர் சண்டை போட்டதைப் பார்த்த பிள்ளைகள் அது நல்லபடி முடிந்ததையும் பார்த்தால் அவர்களுடைய கலக்கம் குறைகிறது என்று கண்டார். ஆகவே, ராத்திரி கோபித்துக்கொண்டிருந்தால், காலையில் பிள்ளைகள் எதிரிலேயே, ‘சரி, விடுங்க, காப்பி ஆறிடும்’ என்று சொல்லுங்கள். அதுதான் நம் பழம்!

ஒரு எச்சரிக்கை. எப்போதும் ஒரே பிள்ளைதான் அடி வாங்குகிறது, பயந்து ஒடுங்குகிறது, காயம் படுகிறது என்றால் அது சண்டை இல்லை, கொடுமை. அதில் உடனே தலையிட வேண்டும். தேவைப்பட்டால் குழந்தை நல டாக்டரிடம் பேசுங்கள். வீட்டிலோ வெளியிலோ ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

பெரியவர்களுக்கும் பழம் உண்டு

முதலில் சொன்ன அண்ணன் தம்பி வழக்கு என்ன ஆயிற்று? அவர்களுடைய தாயார் படுக்கையில் விழுந்தபோது, கஞ்சி கொடுக்கவும் துணி மாற்றவும் இரண்டு மருமகள்களும் முறை வைத்து வர வேண்டியதாயிற்று. முதலில் ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார்களாம். பிறகு, ‘மயினி, இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீங்க போய்ப் படுங்க’ என்று இளையவள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான்! அவர்கள் இருவரும் புருஷன்மார்களைப் பேசிப் பேசி, வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வைத்தார்கள். வழி நாலடி, பலாப்பழம் பாதிப் பாதி என்று ஒரே அமர்வில் முடிந்தது. தாயார் அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிவதற்குக் கோர்ட் தீர்ப்பின் மதிப்பு உண்டு. அதன்மேல் அப்பீல் கிடையாது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் வழி சொல்வார்கள். நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை.

சகோதரிகளே, நம் காலத்துக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு மிஞ்சப் போகிற பெரிய சொத்து விளையோ நகையோ இல்லை, அவர்கள் ஒருவருக்கொருவர்தான். அந்தச் சொத்தை வில்லங்கம் இல்லாமல் எழுதி வைக்க வேண்டியது நாம்தானே? உங்கள் அண்ணனோடு, அக்காவோடு, நாத்தனாரோடு ரொம்ப நாளாகப் பேச்சு இல்லையா? இந்த வாரமே ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்களேன். அம்மா எப்படிப் பழம் விடுகிறாள் என்று அவர்களும் பார்க்கட்டும்!